சோதனைச் சீட்டின் ஆயுள் எத்தனை நாள்?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் வண்டி, ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி ஆழ்வார்திருநகரியில் நிற்கும்போது சற்று வேடிக்கை பாருங்கள். நவதிருப்பதி சேவிக்க வந்தவர்கள் இறங்குவார்கள். நாசரேத்துக்கும் குரும்பூருக்கும் போகிறவர்கள் ஏறுவார்கள். சன்னலோரத்தில் இடம் பிடித்த ஒரு சிறுவன் மட்டும் அசையமாட்டான். அவன் திருச்செந்தூர் வரை போய், இறங்காமலே, அதே இருக்கையில் திரும்பி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு பயணச்சீட்டு இருந்தால் போதும். பரிசோதகர் அவனை ஒன்றும் சொல்லமாட்டார்.

இப்போது அந்த வண்டியைக் கப்பலாக்குங்கள். ஏழு நாள் உல்லாசப் பயணம் முடிந்து கப்பல் துறைமுகம் திரும்புகிறது. ஈராயிரம் பேர் இறங்குகிறார்கள். அன்று மாலையே புதிதாக ஈராயிரம் பேர் ஏறுகிறார்கள். ஓர் ஐம்பது அறுபது பேர் மட்டும் இறங்கவில்லை. அடுத்த பயணத்துக்கும் சேர்த்தே அவர்கள் பணம் கட்டியிருக்கிறார்கள். சென்ற வாரம் ஏறும்போது கோவிட் சோதனை செய்து, நோய் இல்லை என்ற சீட்டும் வாங்கியாயிற்று. இவர்களுக்கு மறுபடியும் சோதனை வேண்டுமா?

2021, 2022 ஆண்டுகளில் பல துறைமுகங்களில் எழுந்த கேள்வி இது. "போன வாரம்தானே மூக்கில் குச்சியை விட்டீர்கள்?" என்று சலித்துக்கொள்ளத் தோன்றுவது இயல்பே. ஆனால் பயணச்சீட்டுக்கும் சோதனைச் சீட்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பயணச்சீட்டில் அச்சிட்டது வழியில் மாறாது. சோதனைச் சீட்டில் எழுதியிருப்பதோ, குச்சி மூக்கிலிருந்து வெளியே வந்த அந்த நிமிடத்துக்கு மட்டுமே உரியது.

ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி...

கோவிட்-19 நோயை உண்டாக்கும் வைரஸின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த சளியில் அந்த ஆர்.என்.ஏ. மிக மிகக் குறைவாகவே இருக்கும். அதை அப்படியே கண்டறிய முடியாது. பெருக்கிப் பார்க்க வேண்டும். ஆர்.டி.-பி.சி.ஆர். என்னும் சோதனையின் வேலையே அதுதான். முதலில் ஒரு நொதி அந்த ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. படி ஒன்றை எழுதுகிறது. பிறகு அந்த டி.என்.ஏ.யை ஏறத்தாழ 95 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் இரட்டை இழை தனித்தனியாகப் பிரியும். சற்றுக் குளிரவைத்தால் ஒவ்வொரு தனி இழைக்கும் துணை இழை ஒன்று கட்டப்படும். ஒன்று இரண்டாயிற்று. மறுபடி சூடு, மறுபடி குளிர்ச்சி, இரண்டு நான்காயிற்று. இப்படி 30 சுற்று ஓட்டினால் ஒரு துண்டு எத்தனை துண்டாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 107 கோடிக்கு மேல் வரும்!

இவ்வளவு சூட்டில் நொதி வெந்து போகாதா என்று கேட்பீர்கள். சாதாரண நொதி வெந்துதான் போகும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவை 1966ஆம் ஆண்டு தாமஸ் பிராக் என்ற அறிஞர் கண்டெடுத்தார். பி.சி.ஆர். முறைக்குக் கை கொடுத்தது அதன் நொதிதான். வெந்நீர் ஊற்றில் எது வாழ்கிறது என்று பார்க்கப் போனவர், அரை நூற்றாண்டு கழித்து உலகம் முழுவதும் இந்தச் சோதனைக்கு வரிசையில் நிற்கப் போகிறது என்று எண்ணியிருக்க மாட்டார். தாமிரபரணிக் கரையில் எடுத்த சளி மாதிரிகளுக்கும் 2020இல் இந்தச் சூடு-குளிர் வேலை நடந்தது. தமிழ்நாட்டில் முதன்முதல் இச்சோதனையைத் தொடங்கிய ஒருசில இடங்களுள் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடமும் ஒன்று.

ஒரே துண்டைக்கூட கோடிக்கணக்கில் பெருக்கும் சோதனை தவறலாமா? தவறும். குச்சியில் அந்த ஒரு துண்டு ஒட்டியிருந்தால்தானே பெருக்க முடியும்! இன்று காலை ஒருவர் உடலுக்குள் புகுந்த வைரஸ், முதலில் சில உயிரணுக்களுக்குள் நுழைந்து மறைவாகப் பெருகத் தொடங்கும். மூக்கில் போதிய அளவு சேர அதற்குச் சில நாள்கள் ஆகும். தொற்றிய நாளுக்கும் அறிகுறி தெரியும் நாளுக்கும் இடைப்பட்டதை நோயரும்பு காலம் என்கிறோம். 2020இல் பரவிய முதல் வகைக்கு இது சராசரியாக 5 நாள்; அரிதாக 14 நாள் வரை. பின்னால் வந்த ஓமிக்ரானுக்கு ஏறத்தாழ 3 நாள்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முன்பே வெளியான ஏழு ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2020இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தொற்றிய ஒருவரைச் சோதித்தால் "நோய் இல்லை" என்று தவறான விடை வரும் வாய்ப்பு எவ்வளவு என்பது கேள்வி. தொற்றிய முதல் நாளில் அது 100 விழுக்காடு. அதாவது கண்டுபிடிக்கவே முடியாது. 4ஆம் நாளில் 67 விழுக்காடு. அறிகுறி தோன்றும் 5ஆம் நாளில் 38. மிகக் குறைவாக இருப்பது 8ஆம் நாளில். அன்றும் 20 விழுக்காடு. அதற்குப் பின் மீண்டும் ஏறத் தொடங்குகிறது.

இந்த எண்களை ஒரு வரைபடமாகத் தாளில் போட்டுப் பாருங்கள். உயரத்தில் தொடங்கி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறும் ஒரு கோடு கிடைக்கும். புறப்படுவதற்கு முதல் நாள் திருமண வீட்டில் தொற்று வாங்கிய பயணி, உயரத்தின் உச்சியில் நின்றுகொண்டு சோதனைக்கு வருகிறார். விடை "இல்லை". கப்பல் ஏறிய நான்காம் நாள் பள்ளத்தை நோக்கி இறங்குகிறார். அப்போது சோதித்தால் அகப்படக்கூடும். ஆனால் நடுக்கடலில் அவரைச் சோதிப்பது யார்?

அறுபத்தெட்டுப் பேர்

2020 பிப்ரவரி 11ஆம் தேதி 'கிராண்ட் பிரின்சஸ்' என்ற கப்பல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, மெக்சிகோவின் துறைமுகங்களுக்குப் போய், 21ஆம் தேதி திரும்பி வந்தது. அன்றே ஹவாய்த் தீவுகளுக்கு அடுத்த பயணம். முதல் பயணத்தின் பயணிகளில் 68 பேர் இறங்கவில்லை. கப்பல் ஊழியர்கள் 1,111 பேரில் பெரும்பாலோரும் அப்படியே தொடர்ந்தார்கள்.

மார்ச் 4ஆம் தேதி கலிபோர்னியா மருத்துவர் ஒருவரிடமிருந்து தகவல் வந்தது: முதல் பயணத்தில் போய் வந்த இருவருக்கு நோய்க்குறிகள், ஒருவருக்குக் கோவிட் உறுதி. அவர்கள் கப்பலைவிட்டு இறங்கி 12 நாள் ஆகியிருந்தது! மறுநாள் ஹெலிகாப்டரில் ஒரு குழு கப்பலுக்குப் பறந்தது. அறிகுறி இருந்த 45 பேரைச் சோதித்ததில் 21 பேருக்கு நோய் இருந்தது. அவர்களில் பயணிகள் இருவர்தாம். மற்ற 19 பேரும் ஊழியர்கள்.

இந்த இரண்டு எண்களையும் விட்டுவிடாதீர்கள். முதல் பயணத்தையும் இரண்டாம் பயணத்தையும் இணைத்த கண்ணிகள், தொடர்ந்து தங்கிய பயணிகளும் ஊழியர்களுமே. பயணிகள் பட்டியலைப் பார்த்தால் அவை இரண்டு தனித்தனிப் பயணங்கள். வைரஸின் பார்வையில் அது பிப்ரவரி 11இல் தொடங்கி இடைநிறுத்தமின்றி நீண்ட ஒரே பயணம்.

அதே மாதம் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலின் கதை இன்னும் பெரிது. 3,711 பேர் இருந்த அக்கப்பலில் 712 பேருக்கு நோய் தொற்றியது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சோதனையின்போது எந்த அறிகுறியும் இல்லை. ஊழியர்களில் இந்தியர்கள் 132 பேர், தமிழர்களும் இருந்தார்கள். பயணிகள் அறைக்குள் அடைபட்டிருக்க, அறை அறையாக உணவு கொண்டு போனவர்கள் ஊழியர்களே என்பதைச் செய்தித்தாள்கள் அவ்வளவாக எழுதவில்லை.

தூத்துக்குடிக்கு மூன்று முறை

தொலைதூரக் கதைகள் போதும். நம் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகிலேயே வருவோம். 2020 மே மாதம் வெளிநாடுகளில் சிக்கிக்கொண்ட இந்தியர்களைக் கடல் வழியே அழைத்துவர, இந்தியக் கடற்படை 'சமுத்திர சேது' என்னும் பணியைத் தொடங்கியது. அதில் பெரும்பங்கு வகித்தது ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்ற கப்பல். மாலத்தீவிலிருந்து கொச்சிக்கு இரண்டு முறை வந்தபின், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு மூன்று முறை வந்தது. ஜூன் 2ஆம் தேதி கொழும்பிலிருந்து 685 பேர். ஜூன் 7ஆம் தேதி மாலேயிலிருந்து 700 பேர். ஜூலை 1ஆம் தேதி ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேர். கடைசியாக வந்தவர்களில் மிகப் பலர் நம் தென்கடற்கரை மீனவர்கள். முதல் பயணம் வந்த தூத்துக்குடி-கொழும்புக் கடல்வழி, 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் வழியேதான்.

ஏறுமுன் எல்லோருக்கும் மருத்துவச் சோதனை நடந்தது. அறிகுறி இல்லாதவர்களையே ஏற்றினார்கள். இறங்கியதும் மறுபடி சோதனை. பேருந்துகளில் தத்தம் மாவட்டத்துக்குப் பயணம். பின் தனிமைக் காலம். இங்கே ஒரு சிறு கணக்குப் போடலாம். கொழும்பிலிருந்து வர ஒரு நாள் ஆயிற்று. மாலேயிலிருந்து இரண்டு நாளுக்குள். ஜூன் 25 அன்று ஏற்றிய ஈரான் கூட்டம் இறங்க ஏறத்தாழ ஆறு நாள். நோயரும்பு காலமோ சராசரி ஐந்து நாள். கொழும்புத் துறைமுகத்தில் தொற்று வாங்கி ஏறிய ஒருவர், தூத்துக்குடியில் காய்ச்சலும் இருமலும் இன்றித்தான் இறங்குவார். அவருக்குச் செய்யும் இறங்குதுறைச் சோதனை, வரைபடத்தின் உயர்ந்த பக்கத்திலேயே நடக்கிறது. பந்தர் அப்பாஸில் தொற்றியவருக்கோ, வரும் வழியிலேயே அறிகுறி தெரிய வாய்ப்புண்டு. அப்படித் தெரிந்தால் உடனே பிரித்து வைக்கலாம். ஆனால் அதற்குள் அவரிடமிருந்து வேறு சிலருக்குத் தொற்றியிருக்கவும் கூடும். குறுகிய பயணத்தில் தெரியாது. நீண்ட பயணத்தில் தெரியும், பரவவும் செய்யும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: இறங்கிய பின்னும் சில நாள் தனித்திருத்தல்.

கப்பலின் மாலுமிகளையும் எண்ணிப் பாருங்கள். ஜூன் 2ஆம் தேதி ஒரு கூட்டத்தை இறக்கியவர்கள், 5ஆம் தேதி மாலேயில் அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டார்கள். இடையில் மூன்றே நாள். முதல் கூட்டத்திலிருந்து ஒரு மாலுமிக்குத் தொற்றியிருந்தால், அந்த மூன்று நாளில் எந்தச் சோதனையும் அதை உறுதியாகச் சொல்லியிருக்காது. ஆகவேதான் பயணிகளும் மாலுமிகளும் ஒருவரோடொருவர் நெருங்காமல் இருப்பதற்கே முதன்மை தர வேண்டியிருந்தது. இடைவெளி விட்டு அமர்த்துவதால் கப்பலில் இடமும் சுருங்கும். பந்தர் அப்பாஸில் இடம் போதாமல் சில மீனவர்கள் ஏற முடியாமல் போயிற்று. கரையில் நின்று அந்தக் கப்பல் போவதைப் பார்த்தவர்களுக்கு, இடைவெளி என்பது வெறும் ஆறடிக் கணக்காக இருந்திராது.

இணைப்பு நாளின் சோதனை

2021ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து உல்லாசக் கப்பல்கள் மறுபடியும் பயணிகளோடு புறப்பட்டன. தடுப்பூசியோடு, புறப்படுமுன் இரண்டு மூன்று நாள்களுக்குள் செய்த சோதனையின் முடிவும் கேட்டார்கள். விமானத்தில் இந்தியா வருவோரிடமும் 72 மணி நேரத்துக்குள் செய்த சோதனையே கேட்கப்பட்டது. தொடர்ந்து இரண்டு பயணம் போகிறவர்கள் ஊருக்குப் போய்ச் சோதித்து வர முடியாது. ஆகவே பல கப்பல்களில், முதல் பயணம் முடியும் தறுவாயில் கப்பல் மருத்துவக் குழுவே அவர்களைச் சோதித்தது. விதிகள் கப்பலுக்குக் கப்பல், மாதத்துக்கு மாதம் மாறின. ஆயினும் அடிப்படை ஒன்றே: இரண்டாம் பயணத்துக்கு அவர்களும் புதுப் பயணிகளே.

என் கருத்தில் இது மிகச் சரியான விதி. ஏழு நாளுக்கு முன் உச்சியில் நின்று தப்பியவர், இன்று பள்ளத்தில் நிற்கிறார். அவரைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. இரண்டாம் சோதனையின் பயன் இரண்டு முறை செய்வதில் மட்டும் இல்லை. இடையில் நாள் கழிவதில் இருக்கிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எனச் செய்தால் இவ்வளவு பயன் வராது.

2022 ஜனவரி முதல் வாரத்தில் நடந்ததையும் பாருங்கள். புத்தாண்டுக்காக மும்பையிலிருந்து கோவா போன 'கார்டீலியா' கப்பலில் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். ஊழியர் ஒருவருக்கு நோய் தெரிந்ததும் எல்லோரையும் கோவாவில் சோதித்தார்கள். 66 பேருக்கு நோய். கப்பல் மும்பை திரும்பியதும் மறுபடி சோதித்தபோது மேலும் பலர் அகப்பட்டனர். கோவாச் சோதனை தவறா? தவறு என்று சொல்வதற்கில்லை. அன்றைய நாளுக்கு அது சொன்ன விடை அது.

ஆனால் சோதனையைப் பெருக்கினால் வேறொரு தொல்லை உண்டு. ஒரு கணக்காக மட்டும் இதைப் போடுங்கள். கப்பலில் 2,000 பேர். 200 பேருக்கு ஒருவர் வீதம் 10 பேருக்கு நோய் என்று கொள்வோம். கால் மணி நேரத்தில் விடை சொல்லும் ஆன்டிஜென் சோதனை, அந்தப் பத்தில் ஏழைக் கண்டுபிடிக்கட்டும். மூவர் தப்பிவிட்டார்கள். நலமாக உள்ள 1,990 பேரில் 200க்கு ஒருவருக்கு அது தவறாக "நோய் உண்டு" என்று சொல்லட்டும். அது ஏறத்தாழ 10 பேர். ஆக "உண்டு" என்ற சீட்டோடு நிற்கும் 17 பேரில் 10 பேர் நலமானவர்கள்! இருநூறில் ஒரு தவறு என்றால் மிக நல்ல சோதனைதானே என்று நினைத்திருப்பீர்கள். நோயாளிகள் குறைவாகவும் நலமானவர்கள் மிகுதியாகவும் இருக்கும் இடத்தில், நல்ல சோதனையும் இப்படிக் காலை வாரும். இதனால்தான் விரைவுச் சோதனையில் அகப்பட்டவரை உடனே இறக்கிவிடாமல், ஆர்.டி.-பி.சி.ஆர். கொண்டு சரிபார்ப்பது முறையாயிற்று.

அந்தச் சோதனைக்கும் ஒரு குறும்பு உண்டு. நோய் குணமாகி, பிறருக்குப் பரப்பும் நிலை கடந்த பின்னும், உடைந்த ஆர்.என்.ஏ. துண்டுகள் சில வாரங்கள் மூக்கில் கிடக்கும். செத்த வைரஸின் துண்டையும் அது விடாமல் பெருக்கிக் காட்டிவிடும். எனவே கடந்த 90 நாளுக்குள் நோய் வந்து தேறியவர்களை, அறிகுறி இல்லாவிட்டால் இச்சோதனையிலிருந்து விலக்கும் வழக்கம் ஏற்பட்டது. அவர்களிடம் சோதனை முடிவுக்குப் பதிலாக, தேறியதற்கான மருத்துவர் சான்று கேட்டார்கள்.

சோதனை இல்லாத காலத்தில்

குச்சியும் நொதியும் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? காத்திருந்தார்கள். ஏட்ரியாட்டிக் கடலோர நகரமான ரகுசா 1377இல் பிளேக் நோய்க்கு அஞ்சி, வருவோரை 30 நாள் வெளியே நிறுத்தியது. பின்னால் வெனிஸ் நகரம் அதை 40 ஆக்கியது. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான் 'குவாரன்டைன்' பிறந்தது.

நம் பக்கத்திலும் அது இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தொழிலாளர் கூட்டம் கூட்டமாகப் போன நாளில், தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் முகாம் அமைத்து, சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, நோய் வெளிப்படுகிறதா என்று பார்த்த பிறகே கடல் கடக்க விட்டார்கள். மூட்டை முடிச்சோடும் பிள்ளைகுட்டிகளோடும் அடைபட்டிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். அறிவியல் முறையில் பார்த்தால், நோயரும்பு காலத்தைக் கடிகாரமாகக் கொண்டு செய்த சோதனைதான் அதுவும். மண்டபத்தில் 'மண்டபம் கேம்ப்' என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல்களுக்கான தன் கோவிட் திட்டத்தை 2022 ஜூலை 18ஆம் தேதி முடித்துக்கொண்டது. 2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. இன்று கப்பல் மருத்துவர்களுக்கு அடிக்கடி தலைவலி கொடுப்பது நோரோ வைரஸ் என்னும் வாந்திபேதிக் கிருமி. இதன் நோயரும்பு காலம் 12 முதல் 48 மணி நேரம்தான். ஆகவே ஏறுமுன் சோதிப்பதில் பயன் மிகக் குறைவு. கைப்பிடிகளிலும் மேசைகளிலும் பல நாள் உயிர்ப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆல்கஹால் கலந்த கைக்கழுவிக்கு எளிதில் மசியாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். இந்த நோயில் ஒரு பயணத்திலிருந்து அடுத்த பயணத்துக்கு இறங்காமல் தொடர்வது கப்பலே ஆகும். பயணிகள் இறங்கி ஏறும் அந்தச் சில மணி நேரத்தில், குளோரின் கலந்த நீரோடு ஊழியர்கள் கைப்பிடிகளையும் மேசைகளையும் துடைத்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.